வீட்டில் அதிக நேரம் இருப்பவருக்கே அதிக ஓட்டு

"டாக்டர், முதல் வீடு வாங்கப் போறோம். எதை முக்கியமா பார்க்கணும்?"

மாதத்துக்கு இரண்டு பேராவது இன்பாக்ஸில் இதைக் கேட்கிறார்கள். சுகர் மாத்திரை பற்றிக் கேட்டால் நியாயம். வீடு பற்றி அரசு மருத்துவமனையில் ஓ.பி. பார்க்கிற ஒரு ஆளிடம் ஏன் கேட்கிறார்கள் என்று ஆரம்பத்தில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், வீடு சரியில்லாததால் வரும் நோயாளிகளை நான் தினமும்தான் பார்க்கிறேன். பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து வருகிறவர்கள். மூன்றாவது மாடியில் இருந்து இறங்க முடியாமல் பிரஷர் மாத்திரை வாங்க வருவதையே நிறுத்தியவர்கள். சுவர் ஈரத்தில் பூஞ்சை பிடித்த ரூமில் படுத்து, மழைக்காலம் முழுக்க இளைப்போடு வரும் குழந்தைகள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் யார் அதிக நேரம் இருக்கப் போகிறாரோ, அவருக்குத்தான் அதிக ஓட்டு.

வீடு பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமையைக் கவனித்திருக்கிறீர்களா? இ.எம்.ஐ. கட்டப் போகிறவர் முன்னால் நடப்பார். புரோக்கர் அவருக்குத்தான் கார் பார்க்கிங் காட்டுவார், ஜிம் காட்டுவார், நீச்சல் குளம் காட்டுவார். வீட்டம்மாவுக்கு சமையலறையில் இரண்டு நிமிஷம். "மேடம், கிரானைட் பாருங்க." அவ்வளவுதான். அந்த சமையலறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம், மத்தியானம் மூணு மணிக்கு மேற்கு வெயில் உள்ளே எவ்வளவு அடிக்கும், அடுப்புக்குப் பக்கத்தில் பாத்திரம் கழுவி வைக்க இடம் இருக்கா, யாரும் கேட்பதில்லை. வயசான அப்பா அம்மாவை அன்றைக்கு அழைத்தே வந்திருக்க மாட்டார்கள். "எதுக்கு அலைச்சல், முடிவானதும் காட்டிக்கலாம்."

இ.எம்.ஐ. கட்டுகிறவர் அந்த வீட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று கணக்குப் போட்டுப் பாருங்க. நாங்கள் போட்டோம்.

2019. குரோம்பேட்டையில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். லிஃப்ட் கிடையாது. நான், என் மனைவி, அப்போது மூன்றாம் வகுப்பு படித்த மகள், என் அப்பா, அம்மா. மனைவி பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டே, பேசிக்கொண்டே வேலை பார்த்த மனுஷன். ரிட்டயர் ஆன பிறகும் காலையில் ஐந்தரைக்கு டீக்கடைக்குப் போய், தினத்தந்தியை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாகப் படித்து, நாலு பேரிடம் அரசியல் பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

2017இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால். பேச்சும் கொஞ்சம் குழறியது. பிசியோதெரபியில் நல்ல முன்னேற்றம். ஆறு மாதத்தில் வாக்கர் இல்லாமல், கைத்தடியோடு வீட்டுக்குள் நடந்தார். ஆனால் வீட்டுக்கு வெளியே 38 படி இருந்தது.

முதலில் நாங்கள் பிடித்து இறக்குவோம். ஒரு நாள் பாதி வழியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரே வேண்டாம் என்றார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை செக்கப்புக்கு மட்டும் இறங்குவார். மற்ற நாளெல்லாம் பால்கனியில் நாற்காலி. கீழே போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு குறைந்தது. பேச்சு குறைந்தது. பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும் என்று நான்தான் மற்ற நோயாளிகளின் குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவருக்கும் மாத்திரை கொடுத்தோம். கொஞ்சம் பலன் இருந்தது. ஆனால் டீக்கடைக்கு மாத்திரை கிடையாது.

அந்த நிலைமையில்தான் வீடு தேட ஆரம்பித்தோம். நாலைந்து மாதம் அலைந்து கடைசியில் இரண்டு வீடு கையில் நின்றது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. 50 லட்சம்.

ஒன்று கூடுவாஞ்சேரி பக்கம். புது அடுக்குமாடி, 1,250 சதுர அடி, மூன்று பெட்ரூம், ஏழாவது மாடி, இரண்டு லிஃப்ட், பார்க், எல்லாம் உண்டு. நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு அங்கிருந்து இருபத்தைந்து நிமிஷம்.

இன்னொன்று குரோம்பேட்டையிலேயே. இருபது வருஷப் பழைய கட்டிடம், மொத்தம் எட்டு வீடு, தரைத்தளம், 810 சதுர அடி, இரண்டு பெட்ரூம். தெற்குப் பார்த்த வாசல் என்பதால் ரொம்ப நாளாக விலை போகாமல் இருந்தது.

எனக்கு கூடுவாஞ்சேரி வீடுதான் பிடித்திருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. வெளிச்சம், இடம், புதுப் பெயின்ட் வாசனை. நைட் ட்யூட்டி முடிந்து வந்து தூங்க எனக்கென்று ஒரு ரூம்.

ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி ஓ.பி. சீட்டு ஒன்றின் பின்பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார், "வாரத்துக்கு 168 மணி நேரம். யார் யார் எவ்வளவு நேரம் வீட்ல இருக்கோம், சொல்லுங்க."

எழுதினோம். நான்: தூக்கத்தையும் சேர்த்து 85 மணி நேரம். மனைவி: 115. மகள்: 120. அம்மா: 160. கோயில், காய்கறி, அவ்வளவுதான் அவர் வெளியே போவது. அப்பா: 168. மாசத்தில் செக்கப் நாளைக் கழித்தால்கூட அந்த எண் மாறவில்லை.

"உங்க 85 மணி நேரத்துக்காக மாமாவோட 168 மணி நேரத்தை ஏழாவது மாடியில வைக்கணுமா?" என்றார்.

"லிஃப்ட் இருக்கே?" என்றேன். இருக்கிறது. ஆனால் லிஃப்டில் இறங்கி, அந்த காம்ப்ளெக்ஸ் கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டில் முதல் டீக்கடை வர ஒன்றரை கிலோமீட்டர். கைத்தடி மனுஷனுக்கு அது பாண்டிச்சேரி தூரம். தரைத்தள வீட்டில் இருந்து டீக்கடைக்கு நான் அடியளந்து பார்த்தேன். 120 மீட்டர்.

இதைச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும். "கடன் கட்டுறது நான், எனக்கு ஓட்டே இல்லையா?" இருக்கு. எவ்வளவு விலைக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லும் உரிமை முழுக்க உங்களுடையது. அதில் யாரும் தலையிடக் கூடாது. அந்த விலைக்குள் எந்த வீடு என்பதை உள்ளே இருக்கப் போகிறவர்கள் சொல்லட்டும். எங்கள் வீட்டில் இந்தப் பிரிவினை நன்றாகவே வேலை செய்தது.

விலை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 50 லட்சம் வீட்டுக்கு வங்கி 80 சதவீதம், அதாவது 40 லட்சம்தான் கடன் தரும். மீதி 10 லட்சம் நம் கையில் இருந்து. பத்திரச் செலவு தனி. அதை வங்கி வீட்டு விலையில் சேர்க்காது. அப்போது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம். ஐந்தரை லட்சம் போனது. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்ததால் பழைய வீட்டுக்கு இப்போது 9 சதவீதம். ஆனால் அதே சமயம் வழிகாட்டி மதிப்பு ஏறிவிட்டது, அதையும் பார்த்துக்கணும்.

40 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதம் சுமார் 34,700. ஆனால் நீங்கள் கணக்குப் போட வேண்டியது அந்த வட்டிக்கு இல்லை. இரண்டு சதவீதம் சேர்த்துப் போடுங்க. 10.5 என்றால் சுமார் 39,900. இந்தத் தொகையைக் கட்டியும் வீட்டில் பால், பள்ளிக் கட்டணம், மருந்து எல்லாம் நடக்குமா? நடந்தால் வாங்குங்க. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆகிவிட்டது. அந்தப் பத்து மாதத்தில் என் ஓ.பி.க்கு தூக்கம் வரலை, நெஞ்சு படபடப்புன்னு வந்த முப்பது, முப்பத்தைந்து வயசுப் பையன்களில் சில பேருக்கு ஈ.சி.ஜி. நார்மல், தைராய்டு நார்மல். மெதுவாகப் பேச்சுக் கொடுத்தால் கடைசியில் ஹோம் லோன் வெளியே வரும்.

கடன் வாங்கும் அதே வாரத்தில் ஒரு டெர்ம் இன்சூரன்சும் எடுங்க, கடன் தொகைக்குக் குறையாமல். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனி நபருக்கு அபராதம் கிடையாது என்பதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

சரி, மறுபடி வீட்டுக்கு வருவோம்.

தரைத்தளம் என்றதும் எல்லோரும் சொன்ன முதல் வார்த்தை "வெள்ளம்". நியாயமான பயம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் படகு போனதைப் பார்த்தவன் நான். எதிரில் கேம்ப் போட்டிருந்த இடத்தில் மூன்று நாள் மருந்து கொடுத்திருக்கிறேன். வீடு விற்கிறவரிடம் கேட்டால் "சார், இந்த ஏரியா மேடு" என்பார். சென்னையில் எல்லா ஏரியாவும் விற்கும்போது மேடுதான்.

நாங்கள் அந்தத் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டோம். "2015ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சுண்ணே?" அவர் யோசிக்கவே இல்லை. தள்ளுவண்டிச் சக்கரத்தில் பாதியைக் காட்டினார். "இதுக்கு மேல வரல. ரெண்டு தெரு தள்ளிப் போங்க, அங்க இடுப்பளவு." பால் போடுகிற பையனும் அதையே சொன்னான். இரண்டு தெருவுக்கு நடுவில் அவ்வளவு வித்தியாசம். கூகுள் மேப்பில் இது தெரியாது.

இன்னொரு குறி சொல்கிறேன். கரண்ட் மீட்டர் பெட்டியும் தண்ணி மோட்டாரும் எந்த உயரத்தில் இருக்கு என்று பாருங்க. ஒரு தெருவில் வரிசையாக எல்லா வீட்டிலும் மீட்டரைக் கழற்றி மேலே ஏற்றி மாட்டியிருந்தால், பழைய ஓட்டை அடைத்த சிமென்ட் தடம் கீழே தெரிந்தால், அந்தத் தெரு உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டது. பழைய கட்டிடம் என்றால் ரோட்டையும் பாருங்க. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, கட்டும்போது மூணடி உயரமாக இருந்த தரை இன்றைக்கு ரோட்டுக்குச் சமமாக இருக்கும். எங்கள் கட்டிடத்தில் அதிர்ஷ்டவசமாக ரோட்டில் இருந்து ஐந்து படி மிச்சம் இருந்தது. கழிவுநீர் பின்னோக்கி ஏறி டாய்லெட் வழியாக வராமல் இருக்க, பிளம்பரைக் கூப்பிட்டு வெளியே போகிற குழாயில் ஒரு தடுப்பு வால்வு போட்டோம். தரைத்தளம் வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் முதல் வேலையாக இதைச் செய்யுங்க. 2023 மிக்ஜாம் புயலில் தண்ணீர் இரண்டாவது படி வரை வந்தது. மூன்று படி மிச்சம் இருந்தது. அந்த ராத்திரி நாங்கள் யாரும் தூங்கவில்லை என்பதும் உண்மைதான். எந்த வீடும் நூற்றுக்கு நூறு இல்லை.

தண்ணீரின் அடுத்த பக்கம், பஞ்சம். நாங்கள் வீடு பார்த்தது 2019 கோடை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கிடந்த வருஷம். அது ஒரு வகையில் வசதி. எந்த அபார்ட்மென்டில் லாரித் தண்ணிக்கு வரிசை நிற்கிறது என்று கண்ணாலேயே தெரிந்தது. அதனால்தான் சொல்கிறேன், பிடித்த வீட்டை மே மாதத்தில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை பாருங்க. அவசரம் என்றால் கூட, பராமரிப்புக் கணக்கில் லாரித் தண்ணிச் செலவு எந்த மாதம் எவ்வளவு என்று சங்கத்திடம் கேளுங்க. போர் தண்ணியை ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் கொடுங்க. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை இந்தியத் தரக் கட்டுப்பாடு அனுமதிக்கிறது. அதற்கும் மேல் போனால் குழாய், கீசர், தலைமுடி, குடும்ப அமைதி எல்லாம் போகும்.

இனி நான் உண்மையிலேயே நிபுணன் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே இடம். பாத்ரூம்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்க. நம் ஊரில் பெரும்பாலும் உள்பக்கம் திறக்கும். உள்ளே ஒருவர் மயங்கிக் கதவுக்குக் குறுக்கே விழுந்துவிட்டால், வெளியே இருந்து தள்ளவே முடியாது. தள்ளினால் அவர் மேலேயே இடிக்கும். கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு வந்த நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்ற ஒரு கார்பென்டருக்கு அரை நாள் வேலை. தாழ்ப்பாள் வெளியே இருந்தும் திறக்கிற மாதிரி இருக்கணும். அகலமும் பாருங்க. சாதாரண சக்கர நாற்காலி 60, 65 சென்டிமீட்டர். நம் பாத்ரூம் கதவு இரண்டரை அடி, சட்டத்தைக் கழித்தால் நாற்காலி நுழைந்தும் நுழையாமலும் நிற்கும். கதவை மாற்றும் போதே அகலப்படுத்திவிட்டோம்.

வழுக்காத டைல்ஸ், கம்மோடுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி, ஷவருக்குப் பக்கத்தில் ஒன்று, ராத்திரி எரிகிற ஒரு சின்ன லைட். எல்லாம் சேர்ந்து மாடுலர் கிச்சனின் ஒரு டிராயர் செட் விலைகூட வராது. வயசானவர்களுக்கு இடுப்பு மூட்டுப் பக்கம் எலும்பு உடைவது சின்ன விஷயம் இல்லை. நல்ல வசதி உள்ள நாடுகளிலேயே சுமார் ஐந்தில் ஒருவர் அடுத்த ஒரு வருஷத்தைத் தாண்டுவதில்லை. "வீட்டுல எல்லாரும் சின்ன வயசு டாக்டர்" என்பவர்களுக்கு: கர்ப்பிணியும் வழுக்கி விழுவார். கிரிக்கெட்டில் கால் உடைந்தவனும் ஒற்றைக் காலில்தான் குளிக்கணும்.

அந்த ஐந்து படிக்கு வருகிறேன். சாய்தளம் போடலாம் என்று முதலில் நினைத்தோம். ஆனால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். கிட்டத்தட்ட மூணடி உயரத்துக்கு முப்பத்தாறு அடி. தெருவுக்கே போய்விடும். அதனால் கைப்பிடி போட்டோம், இரண்டு பக்கமும். அப்பாவுக்கு வலது கை பிடிக்காது. இறங்கும்போது இடது கைக்கு ஒரு பக்கம் கம்பி வேண்டும், ஏறும்போது அதே இடது கைக்கு எதிர்ப்பக்கம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்ட கைப்பிடி ஒரு வழிப் பயணத்துக்குத்தான் உதவும்.

ஆஸ்பத்திரி தூரத்தை எப்படிப் பார்ப்பது? விளம்பரத்தில் "பிரபல மருத்துவமனை 10 நிமிடம்" என்று போட்டிருப்பார்கள். அது விடியற்காலை மூணு மணிக்கு ஓட்டிப் பார்த்த கணக்காக இருக்கும். ஒரு வேலை நாள் சாயங்காலம் ஆறரைக்கு, ஜி.எஸ்.டி. ரோட்டில் நீங்களே ஓட்டிப் பாருங்க. வழியில் ரயில்வே கேட் இருக்கா என்று பாருங்க. ராதா நகர் கேட்டில் நின்று காத்திருந்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி, முதல் அறிகுறி தெரிந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகணும். அதற்குள் சி.டி. ஸ்கேனும் எடுத்து முடிக்கணும். அதனால் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கா என்பதோடு நிறுத்தாதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கும் அங்கே ஸ்கேன் எடுப்பார்களா என்று நேரில் போய்க் கேளுங்க. மாடி வீடு என்றால் ஒருவரைப் படுக்க வைத்தபடி படியில் திருப்பிக் கொண்டுவர இடம் இருக்கா என்றும் பாருங்க. 108இல் வருவது இரண்டு பேர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் பிடித்து இறக்கித்தான் நிறைய பேர் எங்களிடம் வந்து சேர்கிறார்கள்.

பத்திர விஷயத்தில் நான் நிபுணன் இல்லை, சுருக்கமாக: முப்பது வருஷ வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், அனுமதி பெற்ற வரைபடம், அதன்படிதான் கட்டியிருக்கிறார்களா என்பது, நிலத்தில் உங்கள் பிரிபடாத பங்கு எவ்வளவு என்பது. புது வீடு என்றால் ரெரா பதிவு எண், கார்ப்பெட் ஏரியா. புரோக்கர் காட்டும் வக்கீலும் வேண்டாம், வங்கியின் வக்கீல் பார்த்துட்டார் என்ற நிம்மதியும் வேண்டாம். நீங்கள் காசு கொடுத்து உங்களுக்காக ஒரு வக்கீலை வையுங்க.

வாஸ்து பற்றி அம்மாவுக்குத் தயக்கம் இருந்தது. தெற்கு வாசல். சொந்தத்தில் இரண்டு பேர் போன் போட்டே பயமுறுத்தினார்கள். அப்பா தன் குழறலான பேச்சில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "காத்து வருமா?" வந்தது. ஹால் ஜன்னல் தென்கிழக்கு மூலையில். சாயங்காலம் கடல் காற்று நேராக அவர் கட்டிலுக்கு வரும். அம்மா வாசலில் ஒரு பிள்ளையாரை வைத்துச் சமாதானம் ஆகிவிட்டார்.

அக்டோபரில் குடி போனோம். முதல் நாள் அப்பா டீக்கடைக்கு நடந்த 120 மீட்டருக்குப் பதினாலு நிமிஷம் ஆனது. நான் பின்னாலேயே போனேன், திரும்பிப் பார்த்து முறைத்தார். ஜனவரியில் ஆறு நிமிஷம். டீ மாஸ்டர் அவர் பேச்சை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். கண்டக்டர் புத்தி போகுமா, காலை நேரம் கூட்டம் அதிகமாக இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சில்லறை எண்ணிக் கொடுப்பார், இடது கையால். மனச்சோர்வு மாத்திரையை அடுத்த வருஷம் மெதுவாகக் குறைத்து நிறுத்தினோம். நடுவில் லாக்டவுன் வந்து எங்கள் எல்லோருக்கும் 168 மணி நேரம் என்றால் என்ன என்று காட்டிவிட்டுப் போனது. 810 சதுர அடியில் ஐந்து பேர். என் மகளின் ஆன்லைன் வகுப்பு டைனிங் டேபிளில், நான் குவாரன்டைனில் ஒரு ரூமில், மீதி நாலு பேர் இன்னொரு ரூமிலும் ஹாலிலும். மூணாவது பெட்ரூம் இல்லாத குறையை அந்த நாட்களில் நன்றாகவே உணர்ந்தோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2023 ஆகஸ்டில் அப்பா போனார். ஹார்ட் அட்டாக். முந்தின நாள் காலை வரை கடைக்குப் போயிருந்தார். காரியத்தன்று டீ மாஸ்டர் கடையை மூடிவிட்டு வந்து, அவர் கணக்கில் பதினெட்டு ரூபாய் பாக்கி இருப்பதாகவும் அதை வாங்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது என் மச்சான், மனைவியின் அண்ணன், விடாமல் சொல்கிறார். "மாப்ளே, மாமாவுக்காகத்தானே அந்தச் சின்ன வீடு. அவரே போயாச்சு. வித்துட்டு பெரிய இடமா பாருங்க. பாப்பா டென்த் வந்துட்டா, தனி ரூம் வேணும்ல." அவர் சொல்வதில் தப்பில்லை. மகளுக்கு உண்மையிலேயே ரூம் வேண்டும். வண்டலூர் பக்கம் இரண்டு வீடு பார்த்தும் வைத்திருக்கிறார்.

மறுபடி ஒரு ஓ.பி. சீட்டை எடுத்து எழுதினோம். மகள் இப்போது 95 மணி நேரம், டியூஷன் எல்லாம் போக. அம்மா, அதே 160. ஆனால் அந்த 160இல் தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் காம்பவுண்ட் சுவர் ஓரத் திண்ணையில் மூன்று பெண்களோடு. முழங்கால் தேய்மானம், எழுபத்தொரு வயசு. இருந்தும் அந்த ஐந்து படியை, அப்பாவுக்காகப் போட்ட கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு நாலு முறை இறங்கி ஏறுகிறார்.

போன வாரம் அவரிடமே கேட்டேன். "அம்மா, வண்டலூர் பக்கம் பெரிய வீடா போகலாமா? லிஃப்ட் இருக்கு, உனக்குத் தனி பாத்ரூம்."

"அங்க கீரைக்காரி வருவாளா?" என்றார். நான் தெரியாது என்றேன். "கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினார். கேட்டில் கீரை வண்டி வந்து நின்றிருந்தது.